வம்சவிருட்சம்

நாடகச்சேரி என்பது கன்னடத்தில் ஒழுங்கான சொல்தான்.
தமிழ்க் காதில் விழும்போதுதான்
திரை கட்டி மேடை போட்டுவிடுகிறது.

ரோட்டுக்குப் போகிற நிலத்துக்குப் பணம் வர வேண்டுமானால்
யாருக்கு யார் பிறந்தார்கள் என்று
ஐம்பது ரூபாய்ப் பத்திரத்தில் மரம் வரைந்து தர வேண்டும்.
அண்ணன் பன்னீர் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டான்.
உச்சியில் துளசிங்கம், காலமானார், விவசாயம்.
பக்கத்தில் சாலம்மா, மனைவி, காலமானார்.
தொழில் கட்டத்தில் அம்மாவுக்கு
ஒரு சின்னக் கோடு.

கல்யாணமாகி நாற்பது நாளில்
திருப்பத்தூரில் ரயிலேறினார்கள்.
டிக்கெட் கன்டோன்மென்ட் வரைக்கும்.
ஒயிட்ஃபீல்டிலேயே இறங்கிவிட்டார்கள்.
ஜன்னலில் ஏரி தெரிந்தது என்பார் அப்பா.
எனக்கு வாந்தி வந்தது என்பாள் அம்மா.
எங்கள் சரித்திரம் இந்த இரண்டுக்கும் நடுவில்
எங்கோ இறங்கி நடந்திருக்கிறது.

துரைகள் போன பிறகும்
துரைகளின் காய் ஊரில் தங்கிவிட்டது.
நூக்கல், டர்னிப், பீட்ரூட்.
வர்த்தூர் ஏரிக்குக் கீழே குத்தகைக்கு முப்பது குண்டே.
பாத்தியெல்லாம் அப்பாவின் கணக்கு,
வரப்போரக் கொத்தமல்லி அம்மாவுடையது.
நடுராத்திரி வண்டி கட்டி
ரஸ்ஸல் மார்க்கெட் போய்த் திரும்புகையில்
மூட்டைக் காசு அவர் மடியில்,
கட்டுக் காசு அவள் முந்தியில்.
பதினோரு வருஷம் கழித்து நிலத்தை விலை பேசியபோது
குறைந்தது எவ்வளவோ, அது முந்தியிலிருந்து வந்தது.
கிரயம் அவர் பேரில்.

பஹணி எடுத்துப் பார்த்தேன்.
முப்பத்தெட்டு வருஷமாக எங்கள் நிலத்தில் ராகி.
ஷானுபோகர் வரப்பில் கால் வைத்ததில்லை,
போன வருஷத்தைப் பார்த்து இந்த வருஷத்தை எழுதினார்.
காலிஃப்ளவர் வண்டி வண்டியாகப் போன தையிலும் ராகி.
ஏரி நுரைத்துக் கீரை கருகிய வருஷமும் ராகி.
எனக்குப் பின்னால் ஒருத்தி பிறந்து
பதினோராம் நாள் போனாளே, பேர் வைக்குமுன்னே,
அந்த வருஷமும் ராகி, நல்ல விளைச்சல்.

மாட்டை விற்று பம்ப்செட் வாங்கினார் அப்பா, கேட்காமல்.
இரண்டு வருஷம் அம்மா அவரோடு பேசவில்லை.
அவர் மடை திறப்பார்,
அவள் மண்வெட்டியால் ஒரு இழுப்பில் அடைப்பாள்.
போதும் என்பதற்கு அதுதான் சொல்.
அந்த இரண்டு வருஷமும்
ஒரு பாத்தி காயவில்லை, ஒரு பாத்தி அழுகவில்லை.

இதையெல்லாம் எந்தக் கிளையில் தொங்கவிட?
நவநீதம், மகள், கோலார். இந்திராணி, மகள், ஐம்பத்தேழு.
நான் அதுதான்.
அண்ணன் அடியிலிருந்து இன்னொரு தாளை நகர்த்தினான்.
விடுதலைப் பத்திரமாம்.
யாருக்கு விடுதலை என்றேன்.
சட்டப்படி அதுக்குப் பேரே அதான் என்றான்,
என்னைப் பார்க்காமல்.

பேனாவை வாங்கி
அம்மாவின் சின்னக் கோட்டை அடித்து
மேலே விவசாயம் என்று எழுதினேன்.
கட்டம் போதாமல் எழுத்து
அப்பாவின் கட்டத்துக்குள் போய்விட்டது.
ஜன்னலுக்குப் பின்னால் இருந்தவர் தாளைத் திருப்பித் தள்ளினார்.
அடித்தல் திருத்தல் செல்லாது, புதுப் பத்திரம் வாங்குங்கள்.

அண்ணன்தான் போனான்.
வெயிலில் கால்மணி நேரம் ஆயிற்று.
வந்து உட்கார்ந்து, ஸ்கேலை எடுத்து, கோடு போடாமல் இருந்தான்.
"என் ஐடிஐ ஃபீஸு கொத்தமல்லியில கட்டினது" என்றான்.
நான் ஒன்றும் சொல்லவில்லை.
விடுதலைப் பத்திரம் பெஞ்சில்
எங்கள் இரண்டு பேருக்கும் நடுவே கிடந்தது,
ஃபேன் காற்றில் ஒரு மூலை எழுந்து எழுந்து படுத்தது.

எங்கள் டோக்கன் நூற்றுப் பதினேழு.
எண்பத்திரண்டு ஓடிக்கொண்டிருந்தது.