சின்ன முள்

குடும்பப் பெயர் கட்டத்தில் என்ன போட என்றேன்.
எங்களுக்கு அப்படி ஒன்று கிடையாது என்றாள் ஹிவோட்,
பின்னால் வருவது அப்பா பெயர், அவ்வளவுதான்.
எங்களுக்கும்தான் கிடையாது, விடு என்றேன்.
கம்ப்யூட்டர் விடவில்லை.
எத்தியோப்பியாவில் எங்கோ காப்பித் தோட்டத்தில் நிற்கும்
அவள் அப்பாவைக் குலமாக்கி
அனுப்பு என்பதை அழுத்தினோம்.

வெளிநாட்டுப் பிள்ளைக்கு மாடியை விட்டால்
ஒரு நாளைக்குள் சி படிவம்.
காலாப்பட்டில் வீடு கட்டியவளுக்கு
இதுவும் தெரிந்திருக்க வேண்டும்.

நாளைக்கு ஒரு மணிக்கு வா,
மிச்சத்தை முடிக்கலாம் என்றிருந்தேன்.
காலை ஏழுக்குப் பால் பாக்கெட்டைக் கத்தரிக்கையில்
கடவுச்சீட்டும் நாலு போட்டோவுமாக நிற்கிறாள்.
ஒரு மணி என்றீர்களே?
வெயில் வந்து ஒரு மணி நேரம்தானே ஆகிறது
அவள் கணக்கில்.

மேலே அவள் மாட்டிய கடிகாரத்தில்
பெரிய முள் என்னுடையதோடு ஒத்துப்போகும்.
சின்ன முள்
நேர் எதிர்ப்பக்கம் பார்த்து நிற்கும்.

இரண்டாவது வாரம் ராத்திரி போன்:
ஆன்ட்டி, பின்னால் ஓடுகிற மெஷினை
கொஞ்ச நேரம் நிறுத்தச் சொல்ல முடியுமா?
மெஷின் இல்லை.
கடல்.
கடலே இல்லாத நாட்டுக்காரி
அன்றைக்கு வெகுநேரம் மொட்டைமாடியில் நின்றாள்.

பஸ்ஸில் பக்கத்து சீட் காலியாகவே வரும் என்பாள்.
குறையாகச் சொன்னதில்லை.
பை வைக்க வசதி.
நான் வாய் திறக்கவில்லை.
வீட்டைக் காட்டவே மூன்று நாள் யோசித்தவள் நான்,
காட்டியபின் வாடகையில்
இரண்டாயிரம் ஏற்றிச் சொன்னவள்.
பேரம் பேசவில்லை அவள்.
என் டிகிரி காப்பியை மட்டும்
மருந்து மாதிரி குடித்தாள்,
டம்ளரைக் கழுவியும் வைத்தாள்.

சூழலியல் முடிந்தது.
ஊருக்குக் கிளம்பும் நாளில்
முன்பணத்தோடு
அந்த இரண்டாயிரங்களையும் சேர்த்து
ஒரு கவரில் நீட்டினேன்.
எண்ணாமல் பையில் போட்டுக்கொண்டாள்.
விமானத்தில் எண்ணியிருப்பாள்,
தப்பாகக் கொடுத்துவிட்டேன் என்று
மூன்று தடவை போன் வந்தது.
எடுத்து என்ன சொல்வது?

இப்போது மாடியில் காரைக்கால் பையன்.
படிவம் தேவையில்லை, ஆதார் நகல் போதும்.
கடிகாரம் ஆறு மணி நேரம் தப்பாக ஓடுகிறது,
திருத்திவிடட்டுமா என்று கேட்டான்.
பேட்டரி இருக்கிற வரைக்கும்
ஓடட்டும் தம்பி என்றேன்.
போன வாரம் அவனுக்குத் தெரியாமல்
பேட்டரியை மாற்றிவிட்டு வந்தேன்.