கடனாக ஒரு கைப்பிடி அழுக்கு

ஸ்பினெக் மூச்சுச் சிகிச்சைக்கென்று
யெசெனீக் மலைக்குப் போயிருந்த மூன்று வாரத்தில்
நான் செய்த ஒரே உபகாரம்
அவன் மீன்தொட்டியின் வடிகட்டியைத் திறந்தது.

நூற்றிருபது லிட்டர், ஏழாம் மாடி.
ஜன்னலுக்கு வெளியே ஆஸ்ட்ராவாவின் அணைந்த உலைகள்.
உள்ளே பதினொரு நியான் மீன்கள், ஒரு கெளுத்தி.

பஞ்சு இருந்த கோலத்தைச் சொல்ல வெட்கம்:
காப்பி மண்டி நிறம், கோழையின் வழவழப்பு,
மழை விட்ட மண்ணின் வாசனை.
வெந்நீர்க் குழாயைத் திருகிவிட்டு
வாங்கிய நாளின் நீலம் வரும்வரை பிழிந்தேன்.
பீங்கான் வளையங்களையும் விடவில்லை,
பிரஷ் வைத்து ஒவ்வொன்றாக.
முப்பது வருஷம் ஆஸ்பத்திரிச் சலவையறையில் இருந்தவள்;
அரைகுறையாக எதையும் கழுவத் தெரியாது.

மூன்றாம் நாள்
தண்ணீரில் யாரோ பால் ஊற்றியிருந்தார்கள்.
பனிமூட்டத்து டிராம் விளக்குகள் மாதிரி
மீன்கள் கண்ணாடியருகே வந்தால் மட்டும் சிவப்பு.
தொட்டிக்குப் பின்னால் சுவரில் மாட்டிய நாட்காட்டி
மொத்தமாகக் காணோம்.

வெள்ளைப் பஞ்சுமெத்தை வாங்கி வைத்தேன்.
இலைத்துணுக்கைப் பிடித்தது, கெளுத்தியின் கழிவைப் பிடித்தது.
பாலைப் பிடிக்கவில்லை.

பிறகு கரி.
தோண்டினால் கரி மட்டுமே வந்த ஊரில்
ஒரு சின்னப் பை நூற்றெண்பது கொருனா.
உறையில் போட்டிருந்தது: தேங்காய்ச் சிரட்டைக் கரி.
இருபத்தாறு வருஷம் பூமிக்கடியில் கரி வெட்டியவன் வீட்டுக்கு
எங்கோ வெயிலில் காய்ந்த கொட்டாங்கச்சி!
தொட்டிக்குள் கிடக்கும் மரவேர்
மாதக்கணக்காக இறக்கிய தேநீர் நிறத்தை
இரண்டே இரவில் குடித்துத் தீர்த்தது அது.
நிறம் போனதும்
பால் இன்னும் வெள்ளையாகத் தெரிந்தது.

தொலைபேசியில் ஸ்பினெக், "மீன்கள்?" என்றான்.
"நீந்துகின்றன."
இருமினான். நெடுநேரம் இருமினான்.
அந்த நெஞ்சைப் பிழிய எந்தக் குழாயும் கிடையாது
என்று எனக்குத் தெரியும், மருத்துவருக்கும் தெரியும்.

கரி விற்ற பெண்ணிடம் சண்டைக்குப் போனேன்.
நகத்தைப் பார்த்தபடி சொன்னாள்:
"பஞ்சு வெறும் வீடுதான் அம்மா.
குடியிருந்தவர்களை நீங்கள் வெந்நீரில் அவித்துவிட்டீர்கள்.
ஓடிக்கொண்டிருக்கிற தொட்டி யாரிடமாவது இருந்தால்
கொஞ்சம் அழுக்கு கேட்டுப் பாருங்கள்."

யாரிடமாவது!
நான்காம் மாடி ஹினெக்கோடு எனக்குப் பேச்சு நின்று
நாலு வருஷம். மாடிப்படியில் அவன் சைக்கிள்.
ஆனால் இரவெல்லாம் பச்சையாக ஒளிரும் ஜன்னல்
இந்தக் கட்டடத்தில் அவனுடையது ஒன்றுதான்.

மணி அடித்தேன்.
"உங்கள் அழுக்கில் கொஞ்சம் வேண்டும்."
அவன் சிரிக்கவில்லை.
"வெந்நீரா?"
"ஆமாம்."
"வளையங்களுமா?"
"ம்."
சாவு வீட்டில் நிற்பவன்போலத் தலையை ஆட்டிவிட்டு
தன் பஞ்சைக் கத்தரியால் பாதியாக வெட்டினான்.
தொட்டித் தண்ணீரோடு என் சூப் பானையில் போட்டு,
"காயவிடாதீர்கள், ஓடுங்கள்" என்றான்.
லிஃப்ட் வேலை செய்யவில்லை. ஐம்பத்தெட்டு வயதில்
மூன்று மாடி ஓடினேன்,
ஒரு பானைச் சேற்றை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு.

அன்று மாலை அந்தத் தொட்டி இருந்ததுபோல
அசிங்கமாக எதையும் நான் பார்த்ததில்லை.
அதற்குப் பிறகான வேலைதான் கடினம்:
ஒன்றும் செய்யாமலிருப்பது.
கைகள் கேட்கவில்லை. திரைச்சீலைகளைத் துவைத்தேன்,
துவைத்ததையே திரும்பத் துவைத்தேன்.

ஐந்தாம் நாள் தண்ணீருக்கு அப்பால்
ஞாயிற்றுக்கிழமைகளின் சிவப்பு தெரிந்தது.
எட்டாம் நாள் மற்ற எண்களும்,
அவன் திரும்பும் தேதியைச் சுற்றி
நானே போட்ட பென்சில் வட்டமும்.

வந்தவன் கோட்டைக்கூடக் கழற்றாமல்
மூடியைத் திறந்து, பஞ்சை விரலால் தொட்டு
மோந்து பார்த்தான்.
"இது நம்முடையது இல்லையே."
"இல்லை."
வேறொன்றும் கேட்கவில்லை.

பானையைத் திருப்பிக் கொடுக்கவேண்டியதில்லை, என் பானைதான்.
இருந்தும் அதில் சூப் வைத்து
நான்காம் மாடிக்கு இறங்கினேன்.
சைக்கிள் அங்கேயேதான் நின்றது.
பக்கவாட்டில் ஒதுங்கி, சிந்தாமல் போனேன்.