சுண்டுவிரல் கனம்

திங்கள் முதல் ஞாயிறு வரை அண்ணனுக்கு,
அடுத்த திங்கள் முதல் எனக்கு.
தாராபுரம் கோர்ட்டில்
கொறங்காட்டைக் கிளுவை வேலி போட்டுப் பிரித்தார்கள்,
கிணற்றை முறை வைத்துப் பிரித்தார்கள்.
ஜீப்பைப் பிரிக்க வழி தெரியாமல்
வாரம் வைத்துக் கொடுத்தார்கள்.

இந்தத் தடவை சாவியோடு ஒரு சத்தமும் வந்தது.
இட்டேரியில் சில்வண்டு மாதிரி.
குண்டடம் மேட்டில் ரெண்டாம் கியருக்கு இறக்கியதும்
எண்ணெய் காணாத கப்பி மாதிரி.
அவனுக்குக் கேட்காமல் இருந்திருக்காது.
பின்னால் ஆட்டுக்குத் தண்ணீர் டிரம் தளும்பத் தளும்ப
வழியெல்லாம் அவனை வைதுகொண்டே வந்தேன்.

என்ஜினை அணைத்து, பானெட்டைத் தூக்கி,
விசிறி இறக்கையைப் பிடித்து முன்னும் பின்னும் அசைத்தேன்.
சுண்டுவிரல் கனம் ஆடியது.
ரேடியேட்டரில் பிறையாக ஒரு கீறல்.
இன்னும் ஒரு நூல் நகர்ந்தால்
கொதிதண்ணீர் மூஞ்சியில்தான்.

மெக்கானிக் ஷாஜகான் மகள் நிச்சயத்துக்கு உடுமலை போய்விட்டார்.
ஒருவர் விசிறியைப் பிடிக்க
ஒருவர் போல்ட்டைத் திருக வேண்டிய வேலை.
வேலியோரம் நிறுத்தி
இரண்டு தரம் ஹாரன் அடித்தேன்.

குழந்தைவேல் ஈரத்துண்டோடு வந்தான்.
என்னைப் பார்க்கவில்லை, விசிறியைப் பார்த்தான்.
"பதிநாலு" என்றான்.
எடுத்துக் கொடுத்தேன்.
"பதினேழு ரிங்கு."
மூன்று வருசம் கழித்து
எனக்கென்று அவன் பேசியவை இந்த இரண்டு எண்கள்.

டைனமோவைச் சாய்த்து பெல்ட்டை உருவி
பேரிங்கைத் தட்டி இறக்கினோம்.
கிரீஸ் தீர்ந்து உள்ளே காப்பித்தூளாய்த் துரு.
தாராபுரத்துக்கு யார் போவது என்று நான் யோசிக்க
அவன் மடியிலிருந்து புதுசை எடுத்தான்,
ஜோடியாக, பில்லில் சுற்றி.
பில்லில் போன வியாழக்கிழமைத் தேதி.
நான் ஒன்றும் கேட்கவில்லை.

புதுசும் கூட்டுக்குள் வழுக்கியது.
பழசு சுற்றிச் சுற்றிச் சுவரையே தேய்த்திருந்தது.
பஞ்சை வைத்து உள்சுவரில்
அம்மி கொத்துகிற மாதிரி
புள்ளி புள்ளியாகக் கொத்தினான்.
அந்த மேடுகள் பேரிங்கைக் கவ்விக்கொண்டன.
"ஒரு வருசம் ஓடும்,"
ரேடியேட்டரிடம் சொன்னான்.

கடைசி நாலு போல்ட்.
இறக்கையை நான் பிடித்தேன், அவன் முறுக்கினான்.
ஒவ்வொரு முறுக்குக்கும்
அவன் தோள்பலம் இரும்பு வழியாக வந்து
என் உள்ளங்கையில் முட்டியது.
விடவில்லை நான்.

சாவியைத் திருப்பினேன்.
விசிறி சுற்றியது, சத்தமில்லை.
அப்போதுதான் கேட்டது
காட்டுக்கு அப்பால் காற்றாலைகள்
உஸ்ஸு உஸ்ஸென்று வீசிக்கொண்டிருந்தது.

பில் நானூற்றி இருபது.
ஞாயிறு சாயங்காலம் சாவியோடு
டேஷ்போர்டில் இருநூற்றி ஐம்பது வைத்தேன்.
என்னிடம் சில்லறை இல்லை.

மறு வாரம் ஜீப் திரும்பி வந்தபோது
அதே இடத்தில் நாற்பது ரூபாய்,
டீசல் சீட்டில் மடித்து.
சீட்டின் முதுகில்
பென்சிலில்:
கிரீஸ் வெச்சிருக்கறேன்.
பெல்ட்டப் பாத்துக்க.