இருமல் வராத நேரம்

முக்கூடல். செவ்வாய், வெளிநோயாளிப் பிரிவு.
பிள்ளைக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை.
சீட்டில் 'பிரமசக்தி பாப்பா, 39 நாள்' என்றிருந்தது.
நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப் வைத்தேன்.
தெளிந்த மூச்சு. காய்ச்சலில்லை.
எடை மூன்று கிலோ நானூறு.
தூக்கத்திலேயே உதட்டைச் சப்பியது.

"இப்பம் ஒண்ணுமே தெரியாது டாக்டர்.
ராத்திரிதான்."
எல்லாரும் சொல்வதுதான்.
மூக்குக்குச் சொட்டுமருந்து எழுதிவிட்டு
அடுத்த சீட்டுக்குக் கை நீட்டினேன்.

வெள்ளிக்கிழமை மறுபடி வந்தாள்,
அடுத்த வீட்டுப் பையனின் போனை இரவல் வாங்கிக்கொண்டு.
விரிசல் விட்ட திரைக்குள் மஞ்சள் பல்பு,
கட்டில் கால், வெட்டிப்போட்ட பீடி இலை மிச்சம்,
பிள்ளை.

எண்ணினேன்.
எண்ணுவதற்கு இடைவெளியே இல்லை,
ஒன்றின் வாலை ஒன்று கடித்துக்கொண்டு வந்தது.
பதினேழு வரை பிடித்தேன்.
பிறகு சத்தமில்லை.

இதற்கப்புறம் ஒரு கூவல் உண்டு,
காற்று திரும்பி உள்ளே பாயும்போது.
அதைக் கேட்டால் சந்தேகமே வேண்டாம் என்று
படிக்கிற காலத்தில் சொல்லித் தந்தார்கள்.
கூவுவதற்கும் தெம்பு வேண்டும்.
இது வாயைத் திறந்தபடி கிடந்தது,
உதடு கத்தரிப் பிஞ்சு நிறத்தில்.
போனுக்குப் பின்னாலிருந்து அவள் குரல்:
"மூச்சு விட மாட்டுக்கே, மூச்சு விட மாட்டுக்கே."
பதினோரு நொடி.
படம் சாய்ந்து கூரை ஓட்டில் போய் நின்றுவிட்டது.

வீட்டில் வேறு யாருக்காவது இருமல் உண்டா?
"யாருக்கும் இல்ல."
சொல்லி முடிக்குமுன் முந்தானையால் வாயைப் பொத்தினாள்.
தோள் குலுங்கி அடங்கும்வரை காத்திருந்தேன்.
"இது பீடித்தூசி டாக்டர்.
மூணு வாரமாக் கெடக்கு.
தட்ட மடியில வச்சா இருமாம இருக்க முடியுமா?"

கக்குவான் என்று எழுதி
பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டேன்.
மூக்கின் ஆழத்துக்கு மெல்லிய குச்சி,
பிள்ளைக்கு ஒன்று, அவளுக்கு ஒன்று.
முடிவு வர நாளாகும்.
அதுவரை மருந்து காத்திருக்க முடியாது.
முதல் வேளையை அங்கேயே புகட்டினோம்.
தடுப்பூசி அட்டையில் முதல் கட்டம் காலி,
வருகிற புதன்கிழமைத் தேதி பென்சிலில்.

ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரிக்கு வண்டி வந்தது.
ஆக்ஸிஜனைச் சரிபார்த்துக்கொண்டிருந்த சேர்மத்துரை
ஏறுங்கம்மா என்றார்.
அவள் ஒரு காலைப் படியில் வைத்துக்கொண்டு கேட்டாள்:
"அப்பம் நாந்தான் குடுத்துட்டனா?"

"யாரும் குடுக்கல" என்றேன்.
மருத்துவப்படி அது தப்பு.

செவ்வாய்க்கிழமைச் சீட்டு அவள் பையில் இருக்கிறது.
மூக்குச் சொட்டு, மூன்று வேளை.
கீழே என் கையெழுத்து.