வெறும் பெட்டியின் கணக்கு

நவம்பர் பிறந்ததும் கோழிகள் கடையைச் சாத்திவிட்டன.
பதினொரு பெட்டைகள். ஒரு முட்டை கிடையாது.
நாலரை மணிக்கே வெளிச்சம் அவிந்துபோகிற ஊரில்
அதுகளைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை.
கூட்டுக்குள் விளக்குப் போட்டு ஏமாற்றலாம் என்கிறார்கள்.
எனக்கே ஏப்ரல்வரை எழுந்திருக்கப் பிடிக்காது.

சாலையோரம், தபால் பெட்டிக்குப் பக்கத்தில்,
யாரோ மீன் போட்டு வைத்திருந்த நீலக் குளிர்ப்பெட்டி.
உள்ளே காப்பி டின்னில் ஓர் உண்டியல்.
காவல் இல்லை, பூட்டு இல்லை.
'டஜன் ஐந்து டாலர்' பலகையைத் திருப்பி
'முட்டை இல்லை' என்று எழுதி வைத்தேன்.
சுப்பீரியர் ஏரியிலிருந்து கிளம்பி வந்த பனி
இரண்டே நாளில் அதையும் மூடிற்று.

வியாழக்கிழமை உண்டியலில் ஐந்து டாலர்.
அடுத்த வியாழன் இன்னோர் ஐந்து.
பனியில் ஒரு பூட்ஸ் தடம், பக்கத்தில் ஓர் இழுப்பு:
இடது காலைத் தூக்காமல் நடப்பவர்
இந்தச் சாலையில் ரெய்னோ சால்மெலா மட்டும்தான்.
போனில் கேட்டேன்:
"வெறும் பெட்டிக்கா காசு?"
"கோழி தின்கிறதா, இல்லையா?"
"தின்கிறது."
"பிறகென்ன" என்று வைத்துவிட்டார்.

எனக்குக் கோபம்தான் வந்தது.
இரக்கப்பட்டுப் போட்ட காசென்றால்
டின்னோடு அவர் வாசலில் கொட்டியிருப்பேன்.
தீவனக் கணக்கு எழுதும் நோட்டில்
ரெய்னோவுக்குத் தர வேண்டியது என்று
ஒவ்வொரு வாரமும் ஒரு கோடு கிழித்தேன்.
பதினான்கு கோடு, எழுபது டாலர்.
அது முழுவதும் மக்காச்சோளமாய், சிப்பித்தூளாய்
கோழிகளின் வயிற்றில்.

பிப்ரவரி கடைசியில்,
கொண்டை நுனி உறைந்து கருத்துப்போன வரிக்கோழி
ஊரைக் கூட்டிக் கேறிவிட்டு ஒன்று இட்டது.
புறா முட்டை அளவுதான். மேலே ஒரு ரத்தக் கீற்று.
பிறகு நாளுக்கு மூன்று, ஆறு, ஒன்பது.
பெட்டிக்கு மட்டும் அந்தத் தடம் வரவில்லை.
சௌனா வாசல் பனிக்கட்டியில் வழுக்கி,
இடுப்பு உடைந்து,
ஹான்காக்கில் முதியோர் இல்லம் என்றார்கள்.

யாருக்கும் விற்காமல் மூன்று வாரம் சேர்த்தேன்.
பதினான்கு அட்டைப்பெட்டி,
ஒவ்வொன்றிலும் வேறு வேறு கடையின் பெயர்,
உள்ளே எல்லாம் என் கோழிகள்.
வளைவுகளில் காரை நத்தைபோல் ஓட்டிப் போய் இறங்கினால்,
வரவேற்பில் டோரின் என்ற பெண் கையை நீட்டித் தடுத்தாள்.
வெளி முட்டை உள்ளே வரக்கூடாதாம்.
இங்கே முட்டை ஓடில்லாமல்
பால்போல ஊற்றுகிற பெட்டியில் வருகிறதாம்.

சக்கர நாற்காலியில் ரெய்னோ அதைக் கேட்டார்.
"அப்படியானால் காசைத் திருப்பிக் கொடு."
"எழுபது."
"இப்போது டஜன் என்ன விலை?"
"தீவனம் ஏறிவிட்டது. ஆறு."
"அப்போ எண்பத்துநாலு."
சிரிப்பார் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை.
கைப்பையைத் துழாவி ஆறு டாலர் கொடுத்தேன்.
எண்ணி, மடித்து, செருப்புக்குள் வைத்துக்கொண்டார்.

வெளியே வண்டி நிறுத்துமிடத்தில் ஷிப்ட் மாறும் நேரம்.
டிக்கியைத் திறந்து வைத்தேன், அவ்வளவுதான்.
டோரின் இரண்டு டஜன்.
துணி வெளுக்கும் பையன் ஒன்று,
இரவு நர்ஸ் தன் அக்காவுக்கும் சேர்த்து மூன்று.
கால் மணியில் டிக்கி காலி,
கையில் எண்பத்துநாலு.
இன்னும் பன்னிரண்டு அடி நடந்து உள்ளே போயிருந்தால்
கடன் தீர்ந்திருக்கும்.
வண்டியைக் கிளப்பி வீட்டுக்கு வந்துவிட்டேன்.

வியாழன்தோறும் ஆறு டாலர்.
எந்தக் கோழி இடுகிறது, எது அடைக்கு உட்கார்ந்திருக்கிறது,
நரி வந்ததா என்று கேட்பார்.
அப்புறம் செருப்பைக் கழற்றுவார்.
போன வாரம் பத்து நிமிடம் தாமதம்.
"வட்டி போடுவேன்" என்றார்.

பதினொரு வாரம் கொடுத்தாயிற்று. மீதி மூன்று டஜன்.
பலகையைக் கழுவி வைத்திருக்கிறேன்.
விலையை ஏழாக்கலாமா என்று
ஒரு யோசனை.