பதினோராம் பக்கத்து நண்டு

கல்வி வலயத்திலிருந்து ஒரு பெட்டி வந்தது.
இருபத்து மூன்று கதைப்புத்தகங்கள்.
ஒவ்வொன்றுக்கும் ஒரு தாள்:
மொழிநடை இருபது, ஓவியம் இருபது,
எழுத்தளவு பத்து, பிழையின்மை இருபது,
அறக்கருத்து முப்பது.
ஆறிலிருந்து எட்டு வயதுக்கு என்று
தலைப்பில் தடித்த எழுத்து.
எனக்கு ஐம்பத்து நான்கு.

மட்டிக்களியில் மூன்று நாளாய்
மின்விசிறிக்குக் கீழே
முயல்கள் திருந்தின.
நரிகள் திருந்தின.
பொய் சொன்ன காகம் ஒன்று
மன்னிப்புக் கேட்டு, மரம் நட்டு,
கடைசிப் பக்கத்தில் பல்லும் துலக்கியது.
முப்பதுக்கு இருபத்தெட்டு, முப்பதுக்கு இருபத்தெட்டு.
கை தானாகப் போட்டது.

பதினேழாவது மெலிந்த புத்தகம்.
இரண்டு ஊசி, அதில் ஒன்று துரு.
இறங்குதுறைப் பலகைக்கு அடியில் ஒரு நண்டு.
படகேற வந்தவரின் ஒற்றைச் செருப்பு
தண்ணீரில் விழுகிறது.
நண்டு அதற்குள் குடிபுகுகிறது.
அவர் ஒரு கால் வெறுங்காலாய்
மூதூருக்குப் போய்ச் சேர்கிறார்.
அவ்வளவுதான்.
யாரும் திருந்தவில்லை.
செருப்பும் திரும்பி வரவில்லை.

அறக்கருத்துக்குப் பூச்சியம், பென்சிலால்.
பதினோராம் பக்கத்தில் நண்டையே காணோம்,
வெறும் தண்ணீர், மிதக்கும் செருப்பு;
ஓவியத்தில் இரண்டு வெட்டினேன்.
'பின்னேரம் சூரியன் கடலில் விழுந்தது.'
கிழக்குக் கரையில் அதெப்படி விழும்?
ஐந்தைக் கழித்தபோது
கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது.

அன்றிரவு நஸ்மியாவுக்கு ஆஸ்பத்திரியில் வேலை.
மகளை என்னிடம் விட்டுப் போனாள்.
ஸஹ்லா, இரண்டாம் ஆண்டு, முன்பல் இரண்டும் இல்லை.
பெட்டியைக் கவிழ்த்தாள்.
பளபளத்த அட்டைகளை முகர்ந்தாள்.
காகத்தை மூன்றாம் பக்கத்தில் மூடிவிட்டு,
"இது அசெம்பிளியில கதைக்கிற மாதிரிக் கதைக்குது" என்றாள்.
திங்கட்கிழமை அசெம்பிளியில்
கதைப்பவள் நான்தான்.

நண்டைத் திறந்தவள் நிமிரவில்லை.
விரல் வைத்து, எழுத்துக் கூட்டி,
செ, ரு, ப்பு.
கடைசி எழுத்தில்
பல்லில்லாத காற்றும் சேர்ந்து வந்தது.
அவள் சிரித்த இடத்தில் ஒரு சொல்லும் இல்லை;
படகின் ஓரத்தில் வெயில் காயும்
ஒரு கால் பெருவிரல், அவ்வளவே.
மறுபடி முதற்பக்கம். மறுபடி.
ஐந்தாம் தடவை அவள் வாசிக்கவில்லை, சொன்னாள்;
பக்கங்கள் பின்னால் ஓடி வந்தன.

"சூரியன் கடலில விழுதாம், பிழைதானே?" என்றேன்,
சாட்சி பிடிக்கிற குரலில்.
"எந்தக் கடல்?"
"கடல்தான்."
"டச்சுக்குடா எண்டா காலையில வெளிய வரும்.
இது உள்துறைமுகம். இதுக்குள்ளதான் விழும்.
வாப்பாட தோணியில போய்க் கண்டிருக்கன்."
சீனன்குடாப் பக்கம் கரை இருக்கிறதே என்று
வாயெடுத்தேன்.
அவள் பக்கம் பதினொன்றுக்குப் போய்விட்டாள்.

"இதில நண்டு எங்க?" என்று கேட்டேன்.
உதட்டில் விரல் வைத்தாள்.
"செருப்புக்குள்ள நித்திர."

சாப்பாட்டுக்குப் பிறகும் புத்தகம் கையில்.
மீன் குழம்பு விரல் ஒன்று
தண்ணீரின் நடுவில் பதிந்தது.
நூல்கள் பழுதின்றித் திருப்பித் தரப்படவேண்டும்
என்று கடிதத்தில் இருக்கிறது, ஐந்தாம் பந்தி.
துணி நனைத்து ஒற்றினேன்.
கறை பரந்து
சூரியன் அளவுக்கு வந்தது.

சக நடுவர் சிவஞானமணி தொலைபேசியில்:
"அந்த நண்டுக் கதையில பிள்ளை என்னத்தைப் படிக்கும்?"
"செருப்பு என்று படிக்கும்" என்றேன்.
"விளங்கேல்ல."
"ஐந்து தரம் படிக்கும்."
மறுமுனையில் தாள் புரளும் சத்தம்.
அவரும் இருபத்தெட்டுப் போட்டுக் களைத்தவர்தான்.

ஐந்தையும் இரண்டையும் திருப்பிக் கொடுத்தேன்.
பூச்சியத்தை அழித்தேன்.
அந்தக் கட்டத்தில் என்ன எழுதுவதென்று தெரியாமல்
ஒரு கோடு போட்டேன்.
கூட்டினால் நூறு வராது,
வலயத்தில் கேட்பார்கள்.

பெட்டியைக் கொடுக்கப் போகும் வழியில்
ஆட்டோவை இறங்குதுறையில் நிறுத்தச் சொன்னேன்.
பலகை இடுக்கில் குனிந்து பார்த்தேன்.
எண்ணெய் மினுக்கம், ஒரு சோடாப் போத்தல்,
பாசி.
"என்னம்மா விழுந்திட்டுது?" என்றான் ஆட்டோக்காரன்.
ஒன்றுமில்லை என்றேன்.
மெதுவாகத்தான் சொன்னேன்.