இதர

வாடகை லென்ஸுக்குச் சிம்மக்கல் ஸ்டுடியோவில்
காதுகுத்தா, சடங்கா, நிச்சயமா என்று கேட்டார்.
ஃபேஷன் என்றேன்.
பேனா ஒரு நொடி நின்றது.
ரசீதில் நிகழ்ச்சி என்ற கட்டத்துக்குள்
'இதர' என்று எழுதி
இரண்டாயிரம் முன்பணம் வாங்கிக்கொண்டார்.
பசியாறிட்டீங்களா என்று நான் கேட்டதில்தான்
வெளியூர் என்று கண்டுபிடித்தார்.
சிலோனா என்றார். ஈப்போ என்றேன்.
ஈரோட்டுப் பக்கமா என்றார்.

மூன்று வாரமாக நோட்டில் எழுதிய திட்டம்:
ஆறு பத்துக்கு வெளிச்சம்,
ஆல்பர்ட் விக்டர் பாலத்தடியில், வடக்கிலிருந்து நான்காவது வளைவு.
விளக்குத்தூணில் மீட்டர் தொண்ணூறுக்கு எடுத்த மஞ்சள் ஆர்கன்சா,
விடுதி மெஷினில் நானே அடித்த கோணல் கோட்டு,
சேஃப்டி பின் ஒரு பாக்கெட்,
வெளிச்சத்தைத் திருப்ப ஆளுயரத் தெர்மாகோல் பலகை.
மாடல்: ஜெசிந்தா, இரண்டாம் ஆண்டு வேதியியல்.
ஐந்தடி ஒன்பது அங்குலம்.
இந்த உயரத்துக்கு மாப்பிள்ளைக்கு எங்கே போக என்று
அவள் சித்தி தினமும் அளந்துகொண்டிருந்த உயரம்.

நோட்டில் இல்லாததை
ஆட்டோவில் ஏறியதும் சொன்னாள்:
"அக்கா, மூஞ்சி மட்டும் வரக் கூடாது.
சுத்திச் சுத்தி அண்ணன் போனுக்குப் போயிரும்."

கோரிப்பாளையம் சிக்னல் வரை நான் பேசவில்லை.
முகமில்லாமல் எடுக்க
துணிக்கடை வாசல் பொம்மை போதுமே.
சிக்னலில்தான் நினைவு வந்தது,
ஈப்போவில் என் அப்பாவைப் பொறுத்தவரை
நானும் இங்கே கணக்கியல் மட்டும் படிக்கிறேன்.

ஆற்றில் தண்ணீர் ஒரு வேட்டி அகலத்துக்கு ஓடியது.
மேலே பால் வேன்கள்.
முதுகைக் காட்டி நிற்கச் சொன்னேன்.
கூச்சத்தில் காதுவரை ஏறியிருந்த தோள்கள்
ஏழாவது கிளிக்கில்தான் இறங்கின.
கழுத்து. மணிக்கட்டு.
கணுக்காலில் கொசுக்கடி, சிவந்து மூன்று.
பிறகு அழித்துவிடலாம் என்றேன்.
"இருக்கட்டும்க்கா, அதாச்சும் நானா இருக்கட்டும்."

வெயில் வந்ததும்
பலகையைத் தூக்கித் தண்ணீரோரம் பிடித்தேன்.
துணி அலசிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார்.
"ஆரம்பிச்சுட்டாய்ங்கடா மறுபடியும்!"
பல் துலக்கிக்கொண்டிருந்தவர்கள்
நுரையோடு சிரித்தார்கள்.
எனக்கு விளங்கவில்லை.
காற்று பலகையைப் பிடுங்கி ஆற்றில் போட்டது.
அது மிதக்க மிதக்க
சிரிப்பு பாலத்தின் மேலே வரை ஏறிப்போனது.
வைகைக்கும் தெர்மாகோலுக்கும் உள்ள பழைய கணக்கை
எனக்குச் சொல்ல வாயெடுத்த ஜெசிந்தா
சொல்ல முடியாமல்
இடுப்பைப் பிடித்துக்கொண்டு குலுங்கி

திரும்பினாள்.
விரல் என்னைக் கேட்கவில்லை.

ஈறு தெரிய, கண் மூடி,
பின் கழன்ற மஞ்சள் துணி பாதி காற்றில்.
ஃபோகஸ் கொஞ்சம் காதில் விழுந்திருந்தது.
நான் எடுத்ததிலேயே அதுதான் படம்.

மறைக்காமல் காட்டினேன்.
பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தாள்.
"நல்லாத்தான் இருக்கேன்ல" என்றாள்.
தன் பல்லைத் தானே முதல்முறை பார்ப்பவள் போல
இன்னொரு தடவை பார்த்தாள்.
பிறகு குப்பைத்தொட்டிப் பொத்தானை அவளே அமுக்கினாள்.
நிச்சயமாகவா என்று கேமரா கேட்டது.
நான் கேட்கவில்லை.

தெப்பக்குளம் போகிற வழியில் இட்லி சாப்பிட்டோம்.
காசு அவள் கொடுத்தாள்.
பலகை இந்நேரம் எந்தப் பாலம் தாண்டியிருக்கும் என்று
பேசிக்கொண்டே போனோம்.

லென்ஸில் மணல் என்று
சிம்மக்கல்காரர் முந்நூறு பிடித்துக்கொண்டார்.
மீதிப் படங்களை, கேட்காமலே,
ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார்.
கடைசிப் படம். முதுகுதான்.
இடுப்பில் ஒரு கை, வளைந்த தோள்,
ஒரு பக்கம் சரிந்த துணி.
இருபது வருடம் கல்யாண வீடுகளில் நின்ற கண்ணைச் சுருக்கி
"இதுல பிள்ளை சிரிக்குதோ" என்றார்.

நான் ஒன்றும் சொல்லவில்லை.
முந்நூறுக்கு ரசீது கேட்டேன்.